இணைப்பில் எவ்வளவு நட்டம்?

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். யுத்த காலத்தில் மூடிக் கிடந்து, 2014 ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு மீளத் திறக்கப்பட்ட இடம். அதற்குக் கிட்டவாக எனது பழைய வாடிக்கையாளர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வயதில் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை நானா என்பார். எங்கள் கொடுக்கல் வாங்கல் ஏறக்குறைய நாற்பது வருடத்துப் பழக்கம்.

அண்மையில் கடைக்குத் தேவையான சில இரும்புச் சாமான்களைக் கடைந்து எடுப்பதற்காக அங்கே போயிருந்தேன். வேலையை முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணை மேசை லாச்சியிலிருந்து வர்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நானா, நீங்கள் நாலு இடம் போய் வாறனீங்கள். இதை ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். உலகெங்கும் உள்ள ஆயிரம் குவாண்டம் சில்லுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு இரவு பகலாக வருமானம் ஈட்டுகின்றனவாம். அதில் பங்கு சேர்ந்தால் மாதம் 8 சதவீத இலாபம் உறுதியாம். மேலும் மூவரைச் சேர்த்துவிட்டால் தனியாகக் கொமிஷனும் உண்டாம். பெரிய லேத் இயந்திரம் ஒன்று வாங்குவதற்காகப் பல வருடங்களாகச் சேமித்த 15 இலட்சம் ரூபாவை அண்ணை அதில் போடத் தயாராக இருந்தார். முகவர் மறுநாள் வருவதாக இருந்தது.

அண்ணை சொன்ன நியாயமும் எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடியதல்ல. "பெரிய மெசின் ஒண்டை வாங்கிறதைவிடச் சின்னதுகளைச் சேர்த்து ஓட்டுறது புத்திதானே நானா? அதைத்தான் இவங்களும் செய்யிறாங்கள்."

அவருடைய மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறார். அன்று வீட்டில் நின்றிருந்தார். பிரசுரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "மாமா, இதில எழுதியிருக்கிறது முழுப் பொய் எண்டால் பயமில்லை. பாதி உண்மை. அதுதான் பயம்."

அந்தப் பாதி உண்மை என்ன, மற்றப் பாதி எங்கே பொய்யாகிறது என்பதை அன்று அந்தப் பிள்ளையிடம் கேட்டும் பின்னர் தேடி வாசித்தும் அறிந்துகொண்டேன். இதே பிரசுரம் நமது வீட்டு வாசலுக்கும் வரலாம் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

பெரிய சில்லு ஒன்று ஏன் போதாது?

நாம் பாவிக்கும் கணினி 0, 1 என்ற இரண்டு நிலைகளில் கணக்குப் பார்க்கிறது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட், இந்த இரண்டும் கலந்த நிலையில் இருக்கக்கூடியது. அளந்து பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஒன்றாகிவிடும். மருந்து மூலக்கூறுகளை ஆராய்தல், சில வகை இரகசியக் குறியீடுகளை உடைத்தல் போன்ற குறிப்பிட்ட கணக்குகளுக்கு இது உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடைக் கணக்கு எழுதுவதற்கு அல்ல.

கியூபிட்டைச் செய்வதற்குப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று மீகடத்திச் சுற்று. அலுமினியம், நையோபியம் போன்ற உலோகங்கள் கடும் குளிரில் மின்தடை எதுவுமில்லாமல் மின்னைக் கடத்தும். அத்தகைய இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே மிக மெல்லிய காவலித் தகடு ஒன்றை வைத்தால் கிடைப்பது ஜோசப்சன் சந்தி. 1962 இல் பிரையன் ஜோசப்சன் இதைக் கணித்துச் சொன்னார். கையில் பிடிக்கக்கூடிய மின்சுற்றிலும் குவாண்டம் விதிகள் வேலை செய்கின்றன என்பதை 1984, 1985 ஆம் ஆண்டுகளில் பரிசோதித்துக் காட்டியதற்காகத்தான் ஜோன் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜோன் மார்டினிஸ் மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சில்லுகளைச் சுமார் 0.02 கெல்வினில் வைக்க வேண்டும். அதாவது பூச்சியத்துக்குக் கீழே 273 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர். விண்வெளியே 2.7 கெல்வின்தான். ஹீலியத்தின் இரண்டு வகைகளைக் கலந்து இந்தக் குளிரை உண்டாக்கும் விசேட குளிரூட்டி தேவைப்படுகிறது.

அப்படியானால் ஒரே சில்லில் இலட்சக்கணக்கான கியூபிட்களைப் பதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஐ.பி.எம். நிறுவனம் 2023 டிசம்பரில் கொண்டோர் என்ற சில்லை வெளியிட்டது. 1,121 கியூபிட்கள். அதற்கான வயர்கள் மட்டும் ஒரே குளிரூட்டிக்குள் ஒரு மைலுக்கு மேல் ஓடின. அதே நாளில் அவர்கள் வெளியிட்ட ஹெரொன் என்ற சில்லில் இருந்தவை 133 கியூபிட்கள் மட்டுமே. ஆனால் பிழை குறைவு. பின்னர் அந்த நிறுவனம் தனது முயற்சியைக் கட்டியெழுப்பியது சின்ன ஹெரொனின் மீதுதான். சில்லு பெரிதாகப் பெரிதாக ஒரு மூலையில் வரும் பழுது முழுச் சில்லையும் கெடுக்கிறது. வயர்களுக்கு இடம் போதாது. குளிரூட்டியும் தாங்காது. ஆகவே சிறிய சில்லுகளை நன்றாகச் செய்து, சோதித்து, நல்லவற்றை மட்டும் எடுத்து இணைப்பதே வழி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அண்ணை சொன்ன நியாயம் இதுதான். பிரசுரத்தின் உண்மைப் பாதியும் இதுதான்.

வாய்க்கால் நட்டம்

மற்றப் பாதியை விளங்கப்படுத்துவதற்கு அந்தப் பிள்ளை என்னைப் பட்டறைக்குப் பின்னால் உள்ள தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றார். செம்மண் பூமி. நிலாவரைக் கிணறு இருக்கும் சுற்றாடல் என்பதால் தண்ணீருக்குக் குறையில்லை. கிணற்றிலிருந்து வெங்காயப் பாத்திக்கு மண் வாய்க்கால் ஓடியது.

"பம்பில வாற தண்ணி முழுக்கப் பாத்திக்குப் போகுதா மாமா? வழியில மண் குடிக்கிறதுதான் கூட. அதாலதான் அப்பா பிறகு பைப் போட்டவர்."

ஒரு கியூபிட்டிலிருந்து மற்றச் சில்லுக்குப் போவது நுண்ணலையின் ஒற்றைத் துகள். அதன் அதிர்வெண் 5 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். நமது வீட்டு வைஃபை ரவுட்டர் பாவிக்கும் அலைவரிசைதான். அறை வெப்பநிலையில் அதே அலைவரிசையில் வெப்பத்தினால் உண்டாகும் இரைச்சல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துகள்களுக்குச் சமம். சந்தைக் கூச்சலுக்குள் ஒருவர் காதோடு காதாகச் சொல்லும் இரகசியம் போல ஒற்றைத் துகள் அதில் காணாமற் போய்விடும். ஆகவே இரண்டு சில்லுகளை மட்டுமல்ல, நடுவே ஓடும் கம்பியையும் அதே குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது.

பிரதி எடுக்க முடியாத சரக்கு

சாதாரணத் தொலைபேசி இணைப்பில் சைகை மெலிந்தால் நடுவழியில் பெருக்கி அனுப்பலாம். கடிதம் தொலைந்தால் இன்னொரு பிரதி அனுப்பலாம். தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க இயலாது என்பது இயற்கையின் சட்டம். போனால் போனதுதான். பிரதியில்லாத அசல் உறுதியைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவது போன்றது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகளில் ஒன்று நமது வியாபாரிகளுக்கு விளங்கக்கூடியது. இஸ்லாமிய வணிக வரலாற்றில் சுஃப்தஜா என்ற முறை உண்டு. ஓர் ஊரில் ஒரு வணிகரிடம் பணத்தைக் கொடுத்து அவரிடம் கடிதம் வாங்கிச் சென்றால், வேறு ஊரில் அவருடைய ஆள் பணம் தருவார். காசு பாதையில் பயணம் செய்வதில்லை. நமது முன்னோர் உண்டியல் என்று சொன்னதும் இந்த வழிதான். ஆனால் இரண்டு கடைகளுக்கும் இடையில் முன்கூட்டியே ஓர் உடன்பாடு இருந்தால் மாத்திரமே அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி. இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

1993 இல் முன்வைக்கப்பட்ட குவாண்டம் தொலைபெயர்ப்பு முறையும் ஓரளவு இப்படித்தான். இரண்டு சில்லுகளுக்கும் நடுவே முதலில் பின்னிப்பிணைந்த ஒரு சோடியைப் பகிர்ந்து வைக்கிறார்கள். பின்னர் இந்தப் பக்கத்தில் ஓர் அளவீடு செய்து, அதன் விடையைச் சாதாரணச் செய்தியாக அனுப்புகிறார்கள். மற்றப் பக்கத்தில் நிலை தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் அது அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சோடி செலவாகிறது. கெட்ட சோடிகள் பலவற்றைச் செலவிட்டு ஒரு நல்ல சோடியை எடுக்கவும் வழியுண்டு. அதுவும் செலவுதான்.

முன்கூட்டிய உடன்பாட்டின் பெறுமதியை நான் அச்சுவேலியிலேயே கண்டவன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாம் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, இதே அண்ணை எனக்கு 18,000 ரூபா தர வேண்டியிருந்தது. கடையும் போயிற்று, கணக்குப் புத்தகமும் போயிற்று. 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர் முதற்தடவை வந்தபோது அவரைத் தேடிப் போனேன். கடன் கேட்கப் போகவில்லை, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கவே போனேன். அவர் ஒரு பழைய கொப்பியை எடுத்துவந்து என் பெயர் எழுதிய பக்கத்தைத் திறந்து, அந்தத் தொகையை என் கையில் எண்ணித் தந்தார். இத்தனை இடப்பெயர்வுகளில் வீட்டுச் சாமானெல்லாம் போயும் அந்தக் கொப்பியை அவர் விடவில்லை. பாதை பன்னிரண்டு வருடம் அறுந்து கிடந்தும் எங்கள் இணைப்பு அறவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு துண்டுப் பிரசுரத்திடம் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

உண்மையில் இணைத்தவர்கள் யார்?

சில்லுகளை இணைக்கும் வேலை உலகில் சில இடங்களில் நடந்துதான் இருக்கிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கிளீலண்டின் குழு 2021 இல் மூன்று மூன்று கியூபிட்கள் கொண்ட இரண்டு பகுதிகளை ஒரு மீற்றர் நீள மீகடத்திக் கேபிளால் இணைத்துக் காட்டியது. சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். நிறுவனத்தில் அன்ட்ரியாஸ் வல்ராஃப் குழு 2020 இல் 5 மீற்றர் தூர இணைப்பையும், 2023 இல் 30 மீற்றர் தூர இணைப்பையும் செய்தது. அந்த 30 மீற்றர் குழாய் முழுவதையும் குளிராக்க வேண்டியிருந்தது. அதில் 1.3 தொன் செம்பும் 14,000 ஸ்குரூக்களும் சேர்ந்தன.

இதைச் சொன்னதும் அண்ணையின் முகம் மலர்ந்தது. "பதினாலாயிரம் ஸ்குரூவோ! அப்ப அது எங்கட வேலை அல்லோ."

ஐ.பி.எம். நிறுவனம் 2024 நவம்பரில் இரண்டு ஹெரொன் சில்லுகளை ஒரு மீற்றர் வரையான கேபிள்கள் நான்கினால் இணைத்ததாக அறிவித்தது. ஒரு செக்கனின் நூறு கோடியில் 235 பங்கு நேரத்தில் இரண்டு சில்லுகளுக்கும் இடையே ஒரு கணக்குப் படி முடிகிறது. பிழை 3.5 சதவீதம். நல்ல சில்லு ஒன்றின் உள்ளே இதே படி அரைச் சதவீதத்துக்கும் குறைந்த பிழையுடன் முடிந்துவிடும்.

3.5 சதவீதம் என்றால் சிறிதென்று நினைப்போம். கல்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். இணைப்பைப் பத்துத் தடவை கடந்தால் எல்லாம் சரியாக முடியும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். இருபது தடவை கடந்தால் பாதிக்கும் சற்றுக் குறைவு. சில்லுக்கு உள்ளே இருபது தடவை செய்தால் 90 சதவீதத்துக்கு மேல். பெறுமதியான கணக்கொன்றுக்குக் கோடிக்கணக்கான படிகள் தேவைப்படும். மண் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அதே நிறுவனம் வேறொரு வழியையும் காட்டியது. 127 கியூபிட் சில்லுகள் இரண்டுக்கிடையே குவாண்டம் கம்பி எதுவுமில்லாமல் சாதாரணச் செய்தித் தொடர்பை மட்டும் வைத்து, 142 கியூபிட்கள் கொண்ட ஒரே வேலையைச் செய்வித்தது. அதற்கு விலை, அதே கணக்கைப் பல மடங்கு தடவை திரும்பச் செய்தல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2025 இல், விரும்பிய திசைக்குத் துகளை அனுப்பி மற்றப் பக்கத்தில் 60 சதவீதத்துக்கு மேல் பெற்றுக்கொள்ளும் முறையைக் காட்டினர். அறுபது சதவீதம் வந்து சேர்ந்ததே இந்தத் துறையில் செய்தி!

ஊருக்கு ஊர் இணைப்பதென்றால் நுண்ணலையை ஒளியாக மாற்றிக் கண்ணாடி நாரில் அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தில் ஏற்படும் நட்டம் இன்னும் பெரிது. ஐ.பி.எம்.மும் சிஸ்கோவும் 2025 நவம்பரில் இதற்காகக் கைகோத்தபோது, முதற் செயல்விளக்கத்துக்கே ஐந்து வருடத் தவணை சொன்னார்கள். பிரசுரம் சொல்லும் 'உலகெங்கும் இணைந்த ஆயிரம் சில்லுகள்' இங்கேதான் பொய்யாகிறது.

பக்கத்து நாட்டில்

இந்தியாவில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.விஜயராகவன் தலைமையிலான குழு மீகடத்திச் சில்லுகளைச் செய்கிறது. இவர் யேல் பல்கலைக்கழகத்தில், மேலே சொன்ன டெவோரேயிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2024 ஓகஸ்டில் இந்தக் குழுவும் புனேயிலுள்ள பாதுகாப்பு ஆய்வுகூடமும் டி.சி.எஸ். நிறுவனமும் சேர்ந்து 6 கியூபிட் செயலியை முழுமையாகச் சோதித்தன. பெங்களூரின் கியூப்பை என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 கியூபிட் கணினியை அறிவித்தது. இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் ஒதுக்கியது. எட்டு வருடங்களில் 50 முதல் 1,000 கியூபிட் வரை எட்டுவதே அதன் இலக்கு. அரசின் பணமும் தேர்ந்த விஞ்ஞானிகளும் இருந்தும் 2025 ஏப்ரலில் நிலைமை 6, 25 என்றுதான் இருந்தது. ஒரு துண்டுப் பிரசுரம் மாத்திரம் ஆயிரம் சில்லுகளை இணைத்துவிட்டதாம்!

வியாபாரம் எங்கே?

உண்மையான வியாபாரமும் இல்லாமலில்லை. அமெரிக்காவின் ரிகெட்டி நிறுவனம் நான்கு 9 கியூபிட் சில்லுகளை அருகருகே பதித்து 36 கியூபிட் கணினியை 2025 இல் வெளியிட்டது. சில்லுகளை மெய்யாகவே சேர்த்துக் காட்டிய நிறுவனம். 2022 முதல் அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் இருக்கிறது. அதன் 2024 ஆம் ஆண்டுக் கணக்கு நட்டக் கணக்கு. மெய்யாகச் செய்பவருக்கே நட்டம் என்றால், மாதம் 8 சதவீதம் எங்கிருந்து வரும்?

இன்று காசு பார்ப்பவர்களில் முக்கியமானோர் துணைப் பொருள் விற்பவர்கள். பின்லாந்தின் புளூஃபோர்ஸ் நிறுவனம் 2008 இல் தொடங்கி, இந்தக் குளிரூட்டிகளை உலகெங்கும் விற்கிறது. ஜப்பானில் நையோபியம்-டைட்டேனியம் கேபிள் செய்து விற்கிறார்கள். அந்த டைட்டேனியத்தின் தாது நமது புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. நாம் அதைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம்.

நாளைக்கே அச்சுவேலியிலிருந்து சூரிச்சுக்கு ஸ்குரூ ஏற்றுமதி செய்யலாம் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. அதுவும் இன்னொரு துண்டுப் பிரசுரமாகிவிடும். ஆனால் காற்றுப் புகாத வெல்டிங், தூய செம்பை நுணுக்கமாகக் கடைதல், நுண்ணலைப் பொறியியல் ஆகியவற்றைக் கற்ற பிள்ளைகளுக்கு இந்தத் துறை இல்லாவிட்டாலும் வைத்தியக் கருவி, தொலைத்தொடர்புத் துறைகளில் வேலை உண்டு. பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

அன்று மாலை அண்ணையிடம் மூன்று விடயங்களைச் சொன்னேன். இலாப நட்டம் பாராது மாதா மாதம் உறுதியாகத் தருவதாகச் சொல்லும் பணம் வியாபார இலாபம் அல்ல. நமது மார்க்கத்தில் அதற்குப் பெயர் வட்டி. என்ன சரக்கு, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பணம் கொடுப்பது கரர் எனப்படும் நிச்சயமற்ற கொடுக்கல் வாங்கல். ஆளைச் சேர்த்தால் கொமிஷன் என்பது பிரமிட் திட்டத்தின் அடையாளம். இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டும் வருகிறது.

அண்ணை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பிரசுரத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பேனையால் ஒரே ஒரு வரி எழுதினார்: இணைப்பில் எவ்வளவு நட்டம்? "நாளைக்கு அவர் வரட்டும் நானா, இதை மட்டும் கேக்கிறன்" என்றார்.

மறுநாள் இரவு தொலைபேசி எடுத்தார். முகவர் வந்தாராம். கேள்வியைக் கேட்டதும், தலைமை அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறிப் போனாராம். பின்னர் வரவேயில்லை. 15 இலட்சமும் வங்கியில் இருக்கிறது. பெரிய லேத் வாங்கும் யோசனையையும் அண்ணை தள்ளி வைத்திருக்கிறார். மில்லிங் இயந்திரம் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து வேலை எடுக்கலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது. சாமான் அங்கும் இங்கும் போய்வருவதில் எத்தனை நாள் வீணாகும், பழுதானால் யார் பொறுப்பு, கணக்கை யார் எழுதுவது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

சிறியவர்கள் சேர்ந்து பெரிய வேலை செய்வது நல்ல வழி. சில்லுக்கும் அதுதான், பட்டறைக்கும் அதுதான், நமது கடைகளுக்கும் அதுதான். ஆனால் ஒவ்வொருவரும் எவ்வளவு பெரியவர் என்று கேட்பதற்கு முன்னர், நடுவே இருக்கும் வாய்க்கால் எவ்வளவு குடிக்கும் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.